வாடிப்பட்டிக்கு எட்டாத வலைப்பதிவு உண்டா?

2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. வாடிப்பட்டிப் பக்கத்து இடதுசாரிக் கட்சிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போய்வந்த படங்களை முகநூலில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகப் போனதாகக் கேலியாக ஒரு வரி எழுதியிருந்தார். வாடிப்பட்டி போலீஸ் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் திரட்டுவது பற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 122ஆம் பிரிவு வரை வழக்கில் ஏறியது. ரிமாண்ட் கேட்டுப் போனபோது வாடிப்பட்டி நீதித்துறை நடுவர் மறுத்துவிட்டார். பிறகு நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழக்கையே தள்ளி, நகைச்சுவைக்கு உள்ள உரிமை பற்றி எழுதிய தீர்ப்பு நாடு முழுக்கப் பேசப்பட்டது.

முகநூலின் சர்வர் எந்தக் கண்டத்தில் இருந்தது என்ற கேள்வி இந்த வழக்கில் எங்குமே எழவில்லை. நிறுவனம் கலிபோர்னியாவில் இருந்தாலும் எழுதியவர் வீட்டுக்கு வாடிப்பட்டி காவல் நிலையம்தான் பக்கம். ‘தணிக்கைக்கு அசையாத இலவச பிளாக் தளம் எது?’ என்று கேட்கும் புதிய எழுத்தாளர்கள் மதுரையில் இன்றும் உண்டு. அந்தக் கேள்வியில் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எழுத்தை வாசகரிடமிருந்து மறைப்பது ஒன்று, எழுத்தையே அழிப்பது இன்னொன்று, எழுதியவரைப் பிடிப்பது மற்றொன்று. தளத்தைத் தேர்ந்தெடுப்பதால் முதல் இரண்டைத்தான் ஓரளவு சமாளிக்க முடியும்.

முதலில் மறைப்பது. இந்தியாவில் அதன் ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று ஒரு மேகாலயக் குழு. 2003 செப்டம்பரில் ‘கின்ஹுன்’ என்ற சிறிய யாஹூ குழுவைத் தடுக்கும்படி மத்திய அரசு இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அந்தக் குழுவை மட்டும் தடுக்கும் வசதி அவர்களிடம் இல்லை; யாஹூ குழுமங்கள் மொத்தத்தையும் அடைத்தார்கள். மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் என்று தமிழ் இணைய எழுத்தின் முதல் தலைமுறை கூடிப் பேசிய இடங்களெல்லாம் யாஹூ குழுக்கள்தாம். ஒரு மேகாலயக் குழுவுக்காகத் தமிழ்க் கவிதை விவாதமும் சேர்ந்து நின்றது.

2006 ஜூலையில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இருபதுக்கும் குறைவான முகவரிகளைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட, பல நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட், டைப்பேட், ஜியோசிட்டீஸ் மூன்றையும் முழுசாகவே முடக்கின. புதிய தமிழ்ப் பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டி 2004இல் தொடங்கி, தமிழ்ப் பதிவுலகம் சூடுபிடித்திருந்த நேரம் அது. தமிழ்ப் பதிவுகளில் பெரும்பங்கு பிளாக்ஸ்பாட்டில்தான் இருந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் பாகிஸ்தானில் பிளாக்ஸ்பாட் தடுக்கப்பட்டபோது அங்குள்ளவர்கள் ‘பிகேபிளாக்ஸ்’ என்றொரு சுற்றுவழி முகவரி அமைத்திருந்தார்கள். இந்திய வாசகர்கள் அதன் வழியாக இந்தியப் பதிவுகளைப் படித்தார்கள். இரு நாட்டு நல்லுறவுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் தடை விலகியது.

பிறகு நீதிமன்றங்களின் முறை. 2012இல் தனுஷ் நடித்த ‘3’ படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவைக் காட்டி, விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் ஆகியவற்றை இணையச் சேவை நிறுவனங்கள் தடுத்தன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும், தளத்தையே அல்ல என்று அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அது யார் காதிலும் நிற்கவில்லை. 2014 டிசம்பரில் பயங்கரவாதப் பிரச்சாரத்தைக் காரணம் காட்டி 32 தளங்கள் தடுக்கப்பட்டபோது கிட்ஹப், வீப்ளி, இணைய ஆவணகமான ஆர்க்கைவ்.ஆர்க் எல்லாம் பட்டியலில் இருந்தன. 2017 ஆகஸ்டில் மறுபடி சென்னை உயர் நீதிமன்றம், மறுபடி சினிமா. 2,650 தள முகவரிகளுக்குள் மறுபடியும் ஆர்க்கைவ்.ஆர்க் சிக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் இணையத் தடைக்கு அரசியலைவிடத் திருட்டு விசிடி பயம் அதிகம் உழைத்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு வீட்டைப் பூட்டச் சொன்னால் தெருவையே அடைக்கும் இந்த வழக்கம் தொழில்நுட்பத்தோடு சேர்ந்து மாறிவிட்டது. தளம் தேர்வோருக்கு இந்த மாற்றம் முக்கியம் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். இப்போது பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கத்தில் ஓடுகின்றன. பிளாக்ஸ்பாட் முகவரி தரும் பிளாக்கரிலும் வேர்ட்பிரஸ்.காமிலும் 2016இல் அது எல்லோருக்கும் வந்தது. நீங்கள் எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பது இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியாது; எந்தத் தளத்தின் கதவைத் தட்டினீர்கள் என்பது மட்டும் தெரியும். பெயரைத் தேடும் டிஎன்எஸ் கட்டத்தில் பொய்ப் பதில் தந்தோ, இணைப்பின் தொடக்கத்தில் மறையாக்கம் இல்லாமல் போகும் தளப் பெயரைப் பார்த்து அறுத்தோ அவர்கள் தடுக்கிறார்கள். சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய நிறுவனங்கள் ஆளுக்கொரு முறையைக் கையாள்வதும், ஆளுக்கொரு பட்டியலைத் தடுப்பதும் தெரியவந்தது. ஜியோவில் திறக்காத தளம் பிஎஸ்என்எல்லில் திறக்கும் அதிசயத்துக்கு விளக்கம் இதுதான்.

இதிலிருந்து கிடைப்பது: பிளாக்ஸ்பாட், வேர்ட்பிரஸ் போன்றவை ஒவ்வொருவருக்கும் தனித் துணைப்பெயர் தருகின்றன. அந்தத் துணைப்பெயரை மட்டும் கத்தரிக்க இன்று முடியும். ஆகவே அண்டை வீட்டான் செய்த குற்றத்துக்கு 2006 போல நீங்கள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. உங்களைத் தனியாகப் பிடிக்கும் வாய்ப்பு கூடுதல். எல்லோரும் ஒரே தளப் பெயரின் கீழ் வெறும் பக்கங்களாக இருக்கும் இடத்தில் நிலைமை நேர்மாறு. 2016 ஜனவரியில் ‘சரவாக் ரிப்போர்ட்’ என்ற செய்தித் தளத்தின் கட்டுரைகளுக்காக மலேசியா மீடியம் என்ற பதிவுத் தளத்தை முழுவதுமாகத் தடுத்தது. ஒரு பக்கத்தைத் தடுக்க வழியில்லாததால் முழுத் தளத்தையும் தடுக்க வேண்டும். அந்தப் பழியை ஏற்கத் தயங்கும் அரசு என்றால் கூட்டத்தில் இருப்பவருக்குப் பாதுகாப்பு. தயங்காத அரசு என்றால் கூட்டத்துக்கே ஆபத்து.

சொந்த டொமைனில் இருந்தால்? விகடனுக்கு நடந்ததைப் பார்க்கலாம். 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் இதழின் அட்டையில், அமெரிக்க அதிபர் பக்கத்தில் பிரதமர் கைவிலங்கோடு உட்கார்ந்திருக்கும் கேலிச்சித்திரம் வந்தது. தமிழக பாஜக புகார் செய்தது. 15ஆம் தேதி விகடன் தளம் திறக்காமல் போனது. தடை பற்றி மத்திய அரசின் தகவல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு சித்திரத்துக்காகப் பல ஆண்டு இதழ்களின் இணைய வடிவம் முழுவதும் மறைந்தது. மார்ச் 6ஆம் தேதி, அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தடையை விலக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. விகடனுக்கு வழக்கறிஞர் இருந்தார், வாசகர் கூட்டம் இருந்தது, மறுநாளே செய்தியானது. திருமங்கலத்தில் மணல் கொள்ளையைப் பற்றி எழுதும் தனி ஆளுக்கு இவை எதுவும் இருக்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவும் 2009 விதிகளும் தடை நடவடிக்கைகளை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில், இணையப் பேச்சைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை வீழ்த்திய உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைத் தொடவில்லை. தன் பக்கம் ஏன் திறக்கவில்லை என்பதே பதிவருக்குத் தெரியாமல் போகலாம்.

சர்வரை வெளிநாட்டில் வைத்தால் போதும் என்ற நம்பிக்கைக்குத் தமிழில் நூறாண்டுக்கு மேலான அனுபவம் உண்டு. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்து, ‘விவேகபானு’ இதழில் தன் முதல் கவிதையை அச்சில் கண்ட பாரதி, இரண்டே ஆண்டில் சென்னையில் ‘இந்தியா’ வார இதழை நடத்தத் தொடங்கினார். 1908இல் அரசு கைவைத்தபோது சிறைக்குப் போனவர் பாரதி அல்ல. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த மு. சீனிவாசன். பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார், இதழும் அங்கிருந்து வந்தது. பிரிட்டிஷ் போலீஸ் அச்சகத்தைத் தொட முடியவில்லை. அதற்குப் பதில் இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வருவதைத் தடை செய்தார்கள். 1910 மார்ச்சோடு ‘இந்தியா’ நின்றது. அச்சகம் பத்திரமாக இருந்தது, தபால் அறுந்தது. இணையச் சேவை நிறுவனங்களிடம் இன்று கேட்கப்படுவது அந்தத் தபால்காரர் வேலைதான். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மாட்டுவார் என்பதும் மாறவில்லை.

இலங்கையில் இது இன்னும் கொடூரமாக நடந்தது. 1997இல் தொடங்கிய தமிழ்நெட் தளம் வெளிநாட்டிலிருந்து இயங்கியது. 2007 ஜூனில் இலங்கை நிறுவனங்கள் அதைத் தடுத்தபோதும் உலகின் மற்ற பகுதிகளில் அது திறந்தபடியே இருந்தது. ஆனால் அதன் ஆசிரியர் தராக்கி சிவராம் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2005 ஏப்ரலில், கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டிருந்தார்.

இதுவரை சொன்னவையெல்லாம் அரசின் கை. தமிழ்ப் பதிவுகளைப் பொறுத்தவரை அதைவிட அதிகம் அழித்தது நிறுவனங்களின் கை என்பது என் கணிப்பு. 2003இல் அரசு தடுத்த யாஹூ குழுமங்கள் சில வாரங்களில் திரும்பி வந்தன. 2019 கடைசியில் யாஹூ தானே அந்தக் குழுக்களின் பழைய மடல்களை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் சேவையை மூடியது. அவை திரும்பி வரவே இல்லை. 2006இல் தடுக்கப்பட்ட ஜியோசிட்டீஸும் 2009 அக்டோபரில் அதன் உரிமையாளராலேயே மூடப்பட்டது. அதற்கெல்லாம் போராட்டம் கிடையாது, வழக்கு கிடையாது, ஒரு மின்னஞ்சல் அறிவிப்புதான்.

பிளாக்கர் விஷயம் இன்னும் விசித்திரமானது. பைரா லேப்ஸ் 1999இல் தொடங்கியதைக் கூகுள் 2003இல் வாங்கியது. 2012 தொடக்கத்தில், நாட்டுக்கு நாடு உள்ளடக்கத்தை நீக்க வசதியாக, இந்திய வாசகர்களைப் பிளாக்ஸ்பாட்.இன் முகவரிக்குத் திருப்பிவிட ஆரம்பித்தார்கள். பதிவர்கள் பரிமாறிக்கொண்ட இணைப்புகளிலெல்லாம் ‘.இன்’ ஏறியது. 2018இல் திருப்பிவிடுவதை நிறுத்தினார்கள். 2020இல் அந்த டொமைனே கூகுளின் கையை விட்டுப் போய், வேறு யாரோ வாங்கியிருப்பது செய்தியானது. உலகின் மிகப் பெரிய தேடுபொறி நிறுவனம் ஒரு டொமைனைக் கைநழுவ விட்டதில் எத்தனை தமிழ் இணைப்புகள் செத்தன என்று யாரும் எண்ணவில்லை. 2021 ஜூலையில் கூகுளின் ஃபீட்பர்னர் தந்த மின்னஞ்சல் சந்தாவும் நின்றது. பதிவின் ஓரத்தில் இருந்த ‘மின்னஞ்சலில் பெற’ பெட்டி செயலிழந்தது. அமெரிக்க எழுத்தாளர் டென்னிஸ் கூப்பரின் பதினான்கு ஆண்டு வலைப்பதிவை 2016இல் கூகுள் திடீரென்று நீக்கியது. பத்திரிகைகள் எழுதி, வழக்கறிஞர் பேசி, இரண்டு மாதத்தில் தரவைத் திரும்பப் பெற்றார். மேலூர்க்காரர் ஒருவருக்கு இப்படி நடந்தால் பேசுவதற்குத் தொலைபேசி எண்கூட இல்லை.

யாரும் கைவைக்காமலே மங்கிய பதிவுகளும் உண்டு. 2014 அக்டோபரில் மதுரை தெப்பக்குளம் பகுதியில் தமிழ் வலைப்பதிவர் திருவிழா நடந்தது. சென்னையில் இரண்டு முறை நடந்தபின் மூன்றாவதாக மதுரைக்கு வந்தது அது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டைக்குப் போனது. அன்று கூடியவர்களின் பதிவுகள் பின்னாளில் மங்கியதற்கு அரசைக் காரணம் சொல்ல முடியாது. திரட்டிகள் ஓய்ந்தன, வாசகர்கள் முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போனார்கள், பாஸ்வேர்ட் மறந்தது.

ஆகவே ஒரு தளத்தை எடைபோடும்போது உள்ளே என்ன வசதி என்பதைவிட, நாளை வெளியேற வேண்டுமானால் மூன்று பொருளை எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று பார்க்கச் சொல்வேன்: எழுதியது, முகவரி, வாசகர் பட்டியல்.

பிளாக்கரில் எழுதியதை இறக்கலாம். முக்கியமாக, சொந்த டொமைனை இணைக்கக் கட்டணம் இல்லை. டொமைனுக்கான காசு மட்டும்தான், ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி. கூகுளுக்கு இந்தச் சேவையில் பெரிய அக்கறை இல்லை என்பது குறை. கூகுள் கணக்கு முடங்கினால் மெயில், படம், பதிவு எல்லாம் ஒன்றாகப் போகும் என்பது பெரிய குறை. பதிவுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வது இதனால்தான். வேர்ட்பிரஸ்.காமின் பலம், அதன் மென்பொருள் திறமூலம். அங்கிருந்து இறக்கியதை வேறு எந்த வேர்ட்பிரஸ் சர்வரிலும் ஏற்றலாம். ஆனால் சொந்த டொமைன் வேண்டுமென்றால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும். இலவசம் அங்கே முடிகிறது. 2007இல் துருக்கி ஒரு நீதிமன்ற உத்தரவில் வேர்ட்பிரஸ்.காமை மொத்தமாகத் தடுத்த வரலாறும் உண்டு. சப்ஸ்டாக்கில் வாசகரின் மின்னஞ்சல் பட்டியல் உங்களுடையது, இறக்கிக்கொள்ளலாம். தளத்தைத் தடுத்தாலும் கடிதம் இன்பாக்ஸுக்குப் போய்விடும். புதுச்சேரியில் பாரதிக்குக் கிடைக்காத தபால் வசதி இது. மீடியத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாசகர் அங்கே மீடியத்தின் வாசகர்.

கொஞ்சம் கணினி தெரிந்தவருக்குக் கிட்ஹப் பேஜஸ் நல்ல வழி. பதிவுகள் வெறும் எழுத்துக் கோப்புகளாக உங்கள் கணினியிலும் இருக்கும், அங்கேயும் இருக்கும். அங்கே போனால் இங்கிருந்து வேறிடத்தில் ஏற்றலாம். சொந்த டொமைனையும் இலவசமாக இணைக்கலாம். அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பு வழி இயங்கும் வெங்காயத் தளங்கள், பிளாக்செயினில் ‘அழிக்கவே முடியாத’ பதிவு என்றெல்லாம் விளம்பரம் வருகிறது. உசிலம்பட்டி வாசகர் செல்போனில் டோர் நிறுவிப் படிக்கப் போவதில்லை. அழிக்கவே முடியாத எழுத்து எனக்கு உவப்பானதும் இல்லை. ஒருவரைப் பற்றித் தவறாக எழுதிவிட்டால் அதை நீக்க எனக்கே வழி இருக்காது என்றால் அது சுதந்திரமா?

டொமைன் வாங்கும்போது ஒரு விஷயம்: ‘.இன்’ பெயர்களை நிர்வகிப்பது மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழுள்ள நிக்ஸி. ‘.காம்’ பெயர்கள் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் உள்ளவை. அரசை விமர்சித்து எழுதுபவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

இனி எழுதியவரைப் பிடிப்பது. சவுக்கு சங்கரின் பாதை இதற்கு முழு உதாரணம். லஞ்ச ஒழிப்புத் துறையில் ஊழியராக இருந்து 2008இல் தொலைபேசி உரையாடல் கசிவு வழக்கில் கைதாகி, பின்னால் விடுதலையானவர். அவர் நடத்திய சவுக்கு.நெட் தளத்தைத் தடுக்க 2014 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே எழுத்து வேறு முகவரிகளில் வந்தது. பிறகு புதிய பெயரில் தளம் நடந்தது. முகவரித் தடையால் அவரை நிறுத்த முடியவில்லை. 2022 செப்டம்பரில் மதுரைக் கிளை, யூடியூப் பேட்டியில் நீதித்துறையைப் பற்றிச் சொன்னதற்காக நீதிமன்ற அவமதிப்பில் ஆறு மாதச் சிறை விதித்தது. நீதிமன்றத்திலிருந்து நேரே மதுரை மத்தியச் சிறைக்குப் போனார். நவம்பரில் உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. அவர் எழுதியதிலும் பேசியதிலும் எவ்வளவு உண்மை, எவ்வளவு அவதூறு என்பது வேறு விவாதம். முகவரியை மாற்ற முடிந்தவரால் உடம்பை மாற்ற முடியவில்லை.

புனைபெயர் உதவுமா? பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து மறைக்க உதவும். போலீஸ் முறைப்படி கேட்டால் கணக்கு தொடங்கிய செல்போன் எண்ணையும் ஐபி முகவரியையும் நிறுவனம் தரக்கூடும். அந்த எண் ஆதாரோடு வாங்கிய சிம்முடையது என்றால் புனைபெயருக்கு அங்கே வேலை முடிந்தது. ஆளைத் தேடாமலே எல்லோரையும் நிறுத்தவும் வழி உண்டு: 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தையே சில நாள் துண்டித்தார்கள். அப்போது எந்தத் தளமும் எந்தத் தளத்தைவிடவும் மேலானதாக இல்லை.

எழுத்து அழியாமல் இருக்க மதுரையின் பெயரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டது. தலைப்பில் மதுரை இருந்தாலும் அதை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்தார். தட்டச்சு செய்தவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தொடங்கி யூனிகோடுக்கு மாறி இன்றும் அது இருப்பதற்குக் காரணம் சர்வரின் உறுதி அல்ல. யார் வேண்டுமானாலும் பகிரலாம் என்று விட்டதால் பிரதிகள் ஊரெல்லாம் பரவிவிட்டன. 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்இபுக்ஸ் அதே வழியில் வலைப்பதிவர்களின் இடுகைகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மின்னூலாக்கி ஆர்க்கைவ்.ஆர்க்கிலும் ஏற்றியது. மூலப் பதிவு செத்த பிறகும் மின்னூலாக இருக்கும் தமிழ் எழுத்து இப்படி வந்தது. ஆனால் 2014, 2017 இரண்டு தடவையும் ஆர்க்கைவ்.ஆர்க் தடைப்பட்டியலில் இருந்ததை நினைத்தால், அங்கே மட்டும் வைத்துவிட்டுத் தூங்கவும் முடியாது.

இப்போது மதுரையில் ஒருவர் புதிதாக ஆரம்பிப்பதென்றால் நான் சொல்வது பிளாக்கர், அதில் சொந்தமாக ஒரு ‘.காம்’ டொமைன், பக்கத்திலேயே மின்னஞ்சல் பட்டியலுக்கு சப்ஸ்டாக். இரண்டுக்கும் வெவ்வேறு மின்னஞ்சல் கணக்கு. மாதம் ஒரு முறை பேக்கப். பிளாக்கரின் பேக்கப்பில் இடுகைகளும் பின்னூட்டங்களும் ஒரே கோப்பாக வரும். படங்கள் அதில் வராது, அவற்றின் முகவரிகள் மட்டுமே வரும். படங்களைக் கூகுள் டேக்அவுட்டில் தனியாக இறக்க வேண்டும். பழைய பதிவை வேர்ட்பிரஸுக்கு மாற்றிய பலருக்கு, படங்கள் இன்னும் கூகுள் சர்வரிலிருந்துதான் வருகின்றன என்பது பழைய கணக்கை மூடிய பிறகுதான் தெரியும்.